வாவிக்கரைக்கு யார் வைத்தியர்?

‘குடும்ப வைத்தியர்’ என்ற சொற்றொடர் இன்று எமது நாட்டின் சுகாதார மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. சொல் புதிதன்று. எமது பாட்டன்மார் காலத்திலும் அது வழங்கிற்று. ஆனால் அன்று அதற்கிருந்த பொருள் வேறு. முற்றத்தில் கார் நிற்கும் வீடுகளுக்கே அன்று குடும்ப வைத்தியர் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆள் போகும். டொக்டர் தமது தோற்பையுடன் வந்து இறங்குவார். மூன்று தலைமுறையின் நோயும் குணமும் அவருக்கு மனப்பாடம். ஏனையோருக்குக் குடும்பமும் இருந்தது, நோயும் இருந்தது, குடும்ப வைத்தியர் மட்டும் இருக்கவில்லை. அவர்களுக்குப் பரிகாரியார் இருந்தார், அப்போதிக்கரி இருந்தார், தருமாஸ்பத்திரியின் நீண்ட வாங்கு இருந்தது.

இலங்கை அரசு 2018-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அனைவருக்குமான சுகாதாரப் பராமரிப்புக் கொள்கை இந்த வேறுபாட்டை நீக்கப்போவதாக நம்பிக்கை தருகின்றது. ஒவ்வோர் ஆரம்ப வைத்திய நிலையத்துக்கும் இன்ன எல்லைக்குட்பட்ட மக்கள் என வரையறை செய்யப்படும். அம்மக்கள் பெயர்வாரியாகப் பதியப்படுவர். சிறிய நிலையங்கள் பெரிய வைத்தியசாலை ஒன்றைச் சூழ்ந்த கூட்டமைப்பாக இயங்கும். நோயாளியின் குறிப்பு அவரோடு கூடவே செல்லும். கார் நின்ற வீட்டின் உரிமை ஓலைக்குடிசைக்கும் வருகின்றது என்றால் அதனை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாமே. வரவேற்கின்றோம். எனினும் கடதாசியிற் பிறந்த வைத்தியர் எவருக்கும் நாடி பிடித்ததில்லை. இந்தக் குடும்ப வைத்தியர் எங்கே உருவாகின்றார், யாரிடம் கற்கின்றார், எந்த மொழியிற் கற்கின்றார் என்பவற்றை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘மீன்பாடும் தேனாடு’ என்று பாடிப் பழகிய எமக்கு இந்த வாவியின் கரைகளில் யார் எப்படி வாழ்கின்றார்கள் என்று பார்ப்பதற்கு அவகாசம் குறைவு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் மேற்கே வயல் சார்ந்த படுவான்கரை. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு எழுவான்கரை. வைத்தியப் பற்றாக்குறை என்றதும் எவரும் படுவான்கரையையே சுட்டுவர். அது நியாயமானதே. மண்முனைப் பாலம் 2014-இல் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்திருந்தே பிரசவ வேதனைப்பட்ட பெண்ணையும் பாம்பு தீண்டிய உழவனையும் இக்கரைக்குக் கொண்டுவந்தனர். போர்க்காலத்தில் அந்தத் துறையிற் சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டது. அக்கரையின் துயரம் ஒரு தனி நூலுக்குரியது.

ஆனால் இக்கரையில் இன்னொரு பற்றாக்குறை உண்டு. அது கண்ணிற் படுவதில்லை. ஏனெனில் அது பெரியாஸ்பத்திரியின் நிழலிலேயே வாழ்கின்றது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோன நாவலடியிலிருந்து திராய்மடுவிற் குடியேற்றப்பட்டோர், கல்லடியின் மணல் ஒழுங்கைகளில் வலை பின்னுவோர், இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களுள் ஒன்றாகிய காத்தான்குடியிற் கூலிக்குத் தறி நெய்வோர், கருவப்பங்கேணியிலும் இருதயபுரத்திலும் நாட்கூலிக்குப் போவோர் ஆகிய இவர்களெல்லாம் நகரவாசிகள். போதனா வைத்தியசாலைக்கு இவர்கள் பஸ் ஏறினால் சில நிமிடத்திற் போய்விடலாம். புள்ளிவிபரக்காரர் வரைபடத்தில் வட்டம் போட்டு, ‘சேவை எட்டும் எல்லைக்குள்’ என்று எழுதிவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதும் தன்னை அறிந்த ஒரு வைத்தியர் இருப்பதும் ஒன்று என்ற மயக்கமே இந்த வட்டத்தின் அடியில் உள்ளது.

இம்மயக்கம் எம்மையும் பிடித்திருந்தது. வாவிக்கரையில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் வாங்கில் ஒரு காலைப் பொழுதைக் கழித்த பின்னரே அது தெளிந்தது. எம் அருகே இருந்தவர் கருவாடு பதனிடும் ஒரு தாய். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். அதனோடு பிரசரும் உண்டு. விடியுமுன் வந்து இலக்கத் துண்டு எடுத்திருந்தார். அன்றைய கூலி போயிற்று. அவர் மடியில் கிளினிக் கொப்பி. எம்மிடம் தந்தார், பார்த்தோம். பதினான்கு வருகைகள், பதினொரு வெவ்வேறு கையெழுத்துகள். ஒவ்வொரு பக்கத்திலும் சீனியின் அளவு, மருந்துகளின் பெயர், அடுத்த திகதி. சீனி குறையவில்லை. ஆகவே இரண்டு முறை மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தது. ‘இவ்வளவு மருந்து குடித்தும் குறையவில்லையா?’ என்று கேட்டோம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்க குடிக்கிற தம்பி? தங்கச்சிக்கும் இதே வருத்தம். அவளுக்கு ஏலாத பிள்ளை ஒண்டு, விட்டுப்போட்டு வரேலாது. ரெண்டு பேரும் பாதி பாதி குடிக்கிறம்.”

இதனை அந்தக் கொப்பியில் எந்தக் கையெழுத்தும் பதியவில்லை. பதினொரு வைத்தியர்களும் கவனமற்றவர்கள் என்று கூறுவது அநீதி. நண்பகலுக்குள் நூறு பேரைப் பார்த்து முடிக்க வேண்டியவருக்கு ஒருவரின் தங்கையைப் பற்றி விசாரிக்க நேரமேது? அவர் கண்ட உண்மை இரத்தத்திலிருந்த சீனியின் அளவு மட்டுமே. அந்த அளவுக்கு அவர் படித்த படிப்பு சொன்ன மறுமொழி சரியானது. படிப்புச் சரி, மருந்தும் சரி, வைத்தியம் பிழை! நாளை தங்கை எங்காவது தனியே மருந்து பெறத் தொடங்கி, இத்தாய் கூட்டப்பட்ட அளவு முழுவதையும் குடிப்பாரானால், சீனி திடீரெனக் கீழே விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மணலில் வெறுங்காலோடு நடக்கும் அவரது பாதத்தை எவரும் பார்த்ததாகவும் குறிப்பில்லை. நீரிழிவுக்காரரின் மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினால் அது தெரிவதற்கு ஒரு வாரம் செல்லும். விரல் போவதற்கு ஒரு மாதம் போதும்.

இன்று இந்நாட்டில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. மலேரியாவையும் பிரசவ மரணத்தையும் வென்றமைக்காக உலகம் எம்மைப் புகழ்ந்தது. அது பொய்ப் புகழன்று. 1934, 35-ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளையிற் பல்லாயிரம் பேர் மாண்டபோது, சூரியமல் இயக்கத்தினர் கஞ்சியும் மருந்தும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர்; அவர்களுள் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவும் ஒருவர். இலவச வைத்தியத்தின் பின்னால் அத்தகைய போராட்டங்களின் நினைவு உண்டு. ஆனால் காய்ச்சற்காரன் ஒரு முறை வருவான், குணமாவான் அல்லது சாவான். சீனி வருத்தக்காரியோ முப்பது வருடம் வருவாள். அவளை முப்பது வருடம் அறிந்த ஒருவர் தேவை. காய்ச்சலுக்காகக் கட்டப்பட்ட வாங்கில் அவளை இருத்தி வைத்திருக்கின்றோம்.

இனி, வைத்தியர் எவ்வாறு ஆக்கப்படுகின்றார் என்று பார்ப்போம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் 2005-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்டது. போர் ஓயாத மண்ணில் ஒரு மருத்துவ பீடம் தோன்றியது சாதாரண காரியமன்று. அப்பீடத்தின் துறைகளுள் ஒன்றுக்கு ‘ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பு’ என்றே பெயர் சூட்டியிருக்கின்றனர். அப்பெயரை இட்டவர்களின் நோக்கை நாம் மதிக்கின்றோம். ஆனால் ஒரு துறையின் பெயரால் மட்டும் ஒரு கல்வியின் திசை தீர்மானிக்கப்படுவதில்லை. இது மட்டக்களப்புக்கு மட்டும் உரிய குறையுமன்று. இத்தீவின் மருத்துவக் கல்வி முழுவதன் இயல்பே இது. ஐந்து வருடப் படிப்பின் நடுநாயகம் நோயாளர் விடுதி. மாணவன் போற்றும் ஆசிரியர் விசேட வைத்திய நிபுணர். வீட்டுப் படியேறும் சில வாரங்கள் உண்டு. ஆயினும் பட்டம் தீர்மானிக்கப்படுவது கட்டிலருகே. பட்டத்தின் பின்னர் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதுவும் ஆறு ஆறு மாதமாக இரண்டு விடுதிகளில். அப்பால் தகுதிப் பட்டியல் வரிசைப்படி நியமனம். மேலே நிற்பவர் விரும்பிய இடத்தை எடுப்பார். மிஞ்சிய இடம் மிஞ்சியவருக்கு. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் சிறிய நிலையம் இவ்வாறு தண்டனைக் களமாகி விடுகின்றது. அங்கு போனவர் முதல் நாளே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுவார். அவரை மட்டும் குறை சொல்ல எமக்கு மனமில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், மேற்படிப்பு, குடியிருக்க ஒழுகாத வீடு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் தியாகத்தை மட்டும் ஊதியமாகக் கொடுப்பது எந்த நீதி?

விடுதியிற் கற்பதால் விளையும் கேட்டினை எண்களாற் காட்டிய ஒரு கட்டுரை உண்டு. 1961-இல் அமெரிக்க அறிஞர் கெர் வைற்றும் அவருடைய நண்பர்களும் வெளியிட்டது அது. ஆயிரம் வளர்ந்தோரை எடுத்தால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோவொரு சுகவீனம் ஏற்படுகின்றது. 250 பேர் வைத்தியரை நாடுகின்றனர். ஒன்பது பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றனர். பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் போவது ஒரேயொருவர். மாணவர் மருத்துவம் கற்பது அந்த ஒருவரிடம்! எஞ்சிய 249 பேரின் நோயை அவர் பட்டம் பெற்ற பின்னர், ஆசிரியர் அருகில் இல்லாமல், அவசர அவசரமாக, அவர்கள் மேலேயே கற்றுக்கொள்கின்றார். இக்கணக்கு அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் உரியது. மட்டக்களப்பில் எண்கள் மாறலாம், தலைகீழாக மாட்டா.

விடுதிக்கு வரும் நோய் முற்றிய நோய். அதன் பெயர் அட்டையில் எழுதப்பட்டாயிற்று. குடிசையில் தொடங்கும் நோய்க்கோ இன்னும் பெயரில்லை. ‘கால் விறைக்குது’, ‘தலை கிறுகிறுக்குது’, ‘நெஞ்சுக்க பாரமாக் கிடக்கு’ என்று அது வருகின்றது. நெஞ்சின் பாரம் மாரடைப்பின் முன்னோடியா, அல்சரா, கணவன் கத்தாருக்குப் போய்க் காசு அனுப்பாத கவலையா, 2004-இல் கைநழுவிப்போன குழந்தையின் நினைவா? அநேகமாக அது ஆபத்தற்றது. சில வேளை அதுவே சாவின் தூது. நூறில் எந்த ஒன்று என்று பிரித்தறிவதும், பிரித்தறிய முடியாதபோது பதற்றமின்றிக் காத்திருந்து மறுநாள் பார்ப்பதும், ஒரே உடலில் இருக்கும் நான்கு நோய்களுக்கு நான்கு கிளினிக்குகள் தந்த பதினொரு மாத்திரைகளில் எதை நிறுத்தலாம் என்று துணிவதும் ஒரு தனிக் கலை. அதற்கென்று விஞ்ஞானமும் உண்டு. அதுதான் குடும்ப மருத்துவம். எம்மவரிற் பலர், படித்தவர்கள்கூட, அதனை ‘ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாதவர் செய்யும் தொழில்’ என்றே எண்ணியிருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். மானிப்பாய் அவரது களமாயிற்று. முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்கள் என்ன செய்தனர்? அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போயினர். நோயாளி கிராமத்திலே கிடந்தான். கிறீன் இதனைக் கண்டார். 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, பிரசவம், இரணசிகிச்சை, இரசாயனம் ஆகிய துறைகளின் பெருநூல்களைத் தமது மாணவர்களின் துணையோடு தமிழில் ஆக்கினார்; கலைச்சொல்லும் கண்டார். தமிழிற் கற்றவன் ஊரை விட்டுப் போகமாட்டான், ஊரும் அவனை விளங்கிக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கிறீனைக் கொண்டாடுவோர் வழக்கமாகத் தமிழ்ப்பற்றோடு நிறுத்திக்கொள்வர். நாம் அதற்கப்பாலும் பார்க்க வேண்டும். அவர் சமயம் பரப்ப வந்தவர். வைத்தியம் அவருக்கு அதற்குரிய வாகனமுமாயிற்று. 1873-இல் அவர் நாடு திரும்பிய பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கிலத்திற் கற்றவருக்கே அரசும் பதவியும் மதிப்பும் என்ற குடியேற்றவாத ஒழுங்கின் நடுவே, தமிழிற் கற்றவர் இரண்டாந் தரத்தவரானார். ஊரோடு நிற்பவர் தாழ்ந்தவர், ஊரை விட்டவர் உயர்ந்தவர் என்ற ஏணி அப்படியே நிற்க, கீழ்ப்படியில் எவ்வளவு நல்ல வைத்தியரை நிறுத்தினாலும் அவர் மேலே ஏறப் பார்ப்பார், அல்லது கீழேயே அவமதிக்கப்படுவார். கிறீனின் வெற்றியிலும் பார்க்க அவரது தோல்வியிலிருந்தே நாம் இன்று கற்க வேண்டியது அதிகம்.

மட்டக்களப்பில் மொழிச் சிக்கல் மேலும் ஒரு மடங்கு. பீடத்துக்கு இத்தீவின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவர்களுட் பலர். விரிவுரை ஆங்கிலத்தில். நோயாளி பேசுவதோ தமிழ், அதுவும் மட்டக்களப்பின் தமிழ், காத்தான்குடியின் தமிழ். இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் இனவாதம் எமக்கு உடன்பாடன்று. குருநாகலிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வந்த ஓர் இளைஞர் கல்லடி மீனவப் பெண்ணின் வாயிலிருந்து ‘விறைப்பு’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்வாரானால், அது முப்பது ஆண்டுப் போர் கற்பிக்கத் தவறிய பாடம். எமது முறைப்பாடு வேறு. அச்சொல்லைக் கற்பதற்கு அவருக்கு ஏற்ற இடத்தைப் பாடத்திட்டம் கொடுக்கவில்லை. பரீட்சையில் அதற்குப் புள்ளியில்லை. விடுதியில் தாதி மொழிபெயர்த்துக் கொடுப்பார், வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திற் படித்துவந்த தமிழ் மாணவர் மட்டும் பெரிதாக வேறுபட்டவரோ? நோயாளியின் மொழி தன் மொழி என்ற நம்பிக்கையே அவர் காதை அடைத்துவிடுவதும் உண்டு. வர்க்கமும் ஒரு மொழிதான்.

சரி, ஏழைக்கென்று ஒரு தனி வைத்தியரா, என்று எம் நண்பர் சிலர் கேட்கின்றனர். இடதுசாரிகளிடமிருந்தே வரும் இக்கேள்வியை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. அப்போதிக்கரிமாரும் அவர்களின் வழிவந்த பதிவுபெற்ற வைத்தியர்களும் தூரத்துக் கிராமங்களை ஆண்டாண்டு காலமாகத் தாங்கினர் என்பது உண்மை. பணக்காரனுக்கு முழு டொக்டர், ஏழைக்கு அரை டொக்டர் என்ற ஏற்பாட்டின் சின்னமாகவும் அவர்களே ஆக்கப்பட்டனர். குடும்ப வைத்தியப் பயிற்சி என்ற பெயரில் குறுகிய வகுப்பொன்றை வைத்து, சான்றிதழ் கொடுத்து, திராய்மடுவுக்கு அனுப்பிவிட்டு, நகரின் வசதி படைத்தோர் நிபுணரிடமே செல்வார்களாயின் நண்பர்களின் ஐயம் மெய்யாகிவிடும். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் அதற்கு மேல் எம்.டி. பட்டமும் வழங்குகின்றது. இத்தொழில் செய்வோரின் கல்லூரி 1974-லேயே தோன்றிவிட்டது. அறிவும் அமைப்பும் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. இல்லாதது தரம். எம்.டி. பெற்ற குடும்ப வைத்தியருக்கு இருதய நிபுணருக்குரிய அதே படி, அதே ஊதியம், அதே பேராசிரியர் நாற்காலி கிடைக்காதவரை, கெட்டிக்கார மாணவி எதற்காக அப்பக்கம் திரும்புவாள்?

வேல்ஸ் நாட்டின் கிளின்கோறக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் 1961 முதல் ஏறத்தாழ முப்பது வருடம் பணிபுரிந்த யூலியன் ரியூடர் ஹாட் இதற்கு மறுமொழியாக வாழ்ந்தவர். பொதுவுடைமைவாதி. நல்ல வைத்தியம் எங்கே மிகத் தேவையோ அங்கே மிகக் குறைவாகக் கிடைக்கும் என்றும், வைத்தியம் சந்தையின் கையில் எவ்வளவு விடப்படுகின்றதோ அவ்வளவு இந்த அநீதி வலுக்கும் என்றும் 1971-இல் அவர் எழுதியது உலகப் பிரசித்தம். எம்மவர் அவரது கோட்பாட்டை அறிந்த அளவு அவரது கொப்பியை அறியவில்லை. அக்கிராமத்தின் வளர்ந்தோர் அனைவரதும் இரத்த அழுத்தத்தை, வந்தவர் வராதவர் என்று பாராது, பெயர் பெயராகத் தேடி அளந்தார். வராதவரே அவருக்கு முக்கியம். பல ஆண்டுகளின் பின் அயலூரொன்றோடு ஒப்பிட்டபோது அவருடைய ஊரில் அகால மரணம் குறைந்திருந்தது. நோயாளிப் பட்டியல், பொறுமையான கணக்கு, ஓரிடத்தில் நிலைத்திருத்தல் என்ற மூன்று சாதாரண விடயங்களைக் கொண்டே அவர் இதைச் சாதித்தார். இவை மூன்றும் எமது வாங்கில் இல்லை. எமது கருவாட்டுத் தாயின் தங்கை ‘வராதவர்’ இனம். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கியூபாவில் 1984 தொடக்கம் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் சுமார் 120 குடும்பங்களுக்குப் பொறுப்பாக அவர்களிடையிலேயே குடியிருத்தப்பட்டனர். அது புரட்சி நடந்த நாடு, எமக்கெப்படி, என்பவருக்கு வேலூரைக் காட்டலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நகரத்து ஏழைகளுக்கென 1982-இல் குறைந்த செலவிலான சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் திறந்தது. குடும்ப மருத்துவத் துறை அங்கே சிகிச்சையும் செய்கின்றது, பயிற்சியும் கொடுக்கின்றது. பிரமாண்டமான ஆஸ்பத்திரி ஒன்று தன் வாசலிலேயே தனக்கு எட்டாத மக்கள் இருக்கின்றனர் என்று ஒப்புக்கொண்டதே அதில் எம்மைக் கவர்ந்தது. அது கட்டணம் அறவிடும் ஒரு நிறுவனத்தின் அறச்செயல், எமக்கு வேண்டியது உரிமை என்ற வேறுபாட்டையும் மறக்கவில்லை. இந்நாட்டிலும் ராகமையிற் களனிப் பல்கலைக்கழகமும் கோண்டாவிலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இவ்வழியில் நிலையங்கள் நடத்துகின்றன.

மட்டக்களப்புக்கே முன்னுதாரணம் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உளநல வைத்தியர் மகேசன் கணேசன் இங்கு பணியாற்றியபோது, கிழக்கில் அத்துறை நிபுணர் கிடைப்பதே அரிது. அவர் விடுதிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஊர்களிலிருந்தே பணியாளரைப் பயிற்றி, வீடு வீடாக நோயாளரைத் தொடரும் ஒரு முறையை வளர்த்தார். மனநோய்க்கு இயன்றது சீனி வருத்தத்துக்கு இயலாதா?

ஆகவே நாம் கேட்பது ஆடம்பரமானதன்று. மருத்துவ பீடத்தின் போதனா நிலையம் ஒன்று திராய்மடுவிலோ காத்தான்குடியிலோ வாவிக்கரை வறியோரின் நடுவே அமையட்டும். முதலாம் வருடத்தில் ஒரு மாணவியின் கையில் பத்து வீடுகளின் பெயரைக் கொடுங்கள். ஐந்து வருடமும் அதே பத்து வீடு. அவ்வீடுகளிற் பிறந்ததும் இறந்ததும், கடன்பட்டதும், பாதி மாத்திரை குடித்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். அவளுக்கு முதல் ஆசிரியராக ஒழுங்கைதோறும் சைக்கிளிற் போய்வரும் குடும்பநல மாது இருக்கட்டும். எந்தப் பேராசிரியரும் அறியாத வரைபடம் அவரிடம் உண்டு. இறுதிப் பரீட்சையில் அப்பத்து வீடுகளைப் பற்றியும் கேள்வி கேளுங்கள். பரீட்சையிற் கேட்காத எதையும் எம் மாணவர் படிப்பதில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியோமா? உள்ளகப் பயிற்சி வருடத்தில் ஒரு பகுதி அங்கேயே கழியட்டும்.

இவ்வளவு செய்தாலும் மாலை ஐந்து மணிக்குப் பின் என்ன நடக்கும் என்ற கேள்வி நிற்கின்றது. அரச வைத்தியர் கடமை நேரத்தின் பின் தனியாகச் சிகிச்சை அளிக்க இந்நாட்டில் இடமுண்டு. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்து போகின்றது. இலவச வைத்தியம் என்று மார்தட்டும் நாட்டில் இது வெட்கக்கேடு. காலையில் இரண்டு நிமிடம் இலவசம், மாலையிற் பத்து நிமிடம் விலைக்கு என்றால், அந்த எட்டு நிமிடமே குடும்ப மருத்துவம், அதுதான் விற்கப்படுகின்றது. 2022-இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போயினர். தனியார் சிகிச்சையைத் தடுத்தால் இன்னும் போவார்கள் என்பர். இருக்கலாம். ஆனால் போனவர்களை உருவாக்கிய செலவில் அந்தக் கருவாட்டுத் தாய் வாங்கிய ஒவ்வொரு இறாத்தல் பாணின் மீதான வரியும் உண்டு. தடையால் மட்டும் இது தீராது. மாலை நேரக் கிளினிக்கையும் அரசே நடத்தி அதற்குரிய ஊதியத்தை வைத்தியருக்குத் தருவதே வழியென்று நாம் கருதுகின்றோம். இதில் எம்மோடு முரண்படுவோர் எழுதட்டும்.

இறுதியாக, இலக்கிய ஏடொன்றில் இதனை ஏன் எழுதுகின்றோம் என்று கேட்பார்க்கு ஒரு பெயர். ‘நந்தி’ என்று எமது வாசகர் அறிந்த சி. சிவஞானசுந்தரம் (1928-2005) யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியர். மலையகத் தோட்டத் தொழிலாளரை வைத்து ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதியவரும் அவரே. தாய்மாருக்கு எளிய தமிழிற் சுகாதார நூல்கள் எழுதியவரும் அவரே. எம் கதைகளில் டொக்டர் பெரும்பாலும் இரு வகை. ஒருவர் தெய்வம், மற்றவர் இரத்தம் உறிஞ்சி. நூறு பேரை நண்பகலுக்குள் பார்த்து முடித்துவிட்டுப் பேனையை வைக்கும் அந்தக் களைத்த கையை எவரும் எழுதவில்லை. அந்தக் கை எழுதிய கொப்பியையும் எவரும் வாசிக்கவில்லை.

அத்தாயின் இலக்கம் 87. கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் நாம் வெற்றிலைக் காம்பு கிள்ளும் நேரத்துக்குள் வெளியே வந்தார். கொப்பியில் பன்னிரண்டாவது கையெழுத்து. மாத்திரை மீண்டும் கூட்டப்பட்டிருந்தது. “நல்லதாப் போச்சு தம்பி,” என்றார், “இனித் தங்கச்சிக்கும் காணும்.”